பாணுக்குள் நோயைக் கண்ட வைத்தியர்: வில்லெம் டிக்கேயின் வாழ்க்கையும் மலையகத்து ரொட்டியும்

1944 ஆம் ஆண்டின் இறுதியில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பாணுக்கு வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் ஜேர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிராக ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அதற்குப் பழிவாங்க, நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகும் வழிகளை ஜேர்மன் படை அடைத்தது. பின்னர் படகில் உணவு கொண்டுவர அனுமதி கிடைத்தபோது கால்வாய்கள் பனியில் உறைந்துவிட்டன. வளர்ந்த ஒருவருக்குரிய நாளாந்தப் பங்கீடு 1000 கலோரிக்கும் கீழே இறங்கியது. அடுத்து வந்த மாதங்களில் அதிலும் பாதியானது. மக்கள் சீனிக்கிழங்கையும் துலிப் பூச்செடியின் கிழங்கையும் அவித்துத் தின்றார்கள். அந்த மாரிக்காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் இறந்தார்கள். ஒல்லாந்தர் அதைப் பசி மாரி என்றே இன்றும் அழைக்கிறார்கள்.

பொருளாதாரத் தடையையும் நிவாரண அட்டையையும் உப்புக் கஞ்சியையும் அறிந்த நமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே நகரின் ஜூலியானா சிறுவர் வைத்தியசாலையில் ஒரு வைத்தியர் கண்டது வேறொரு விடயம். ஊரெல்லாம் பிள்ளைகள் மெலிந்துகொண்டிருந்தபோது, அவரிடம் நெடுங்காலம் சிகிச்சை பெற்ற சில பிள்ளைகள் மட்டும் முன்னைவிட நலமாக இருந்தார்கள். வயிற்றோட்டம் நின்றது. பசி எடுத்தது. பின்னர் வெள்ளைப் பாண் மீண்டும் ஊருக்கு வந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் பழைய நோய் திரும்பியது.

அந்த வைத்தியரின் பெயர் வில்லெம் காரெல் டிக்கே. குளூட்டன் இல்லாத உணவு என்று இன்று உலகெங்கும் பேசப்படுவதன் தொடக்கம் இவர்தான். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கடைத்தட்டுகளில் ஓட்ஸ் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும் இந்நாளில், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் ஓட்ஸ் சாப்பிடலாமா என்ற கேள்விக்கான விடையும் இவரது ஆய்விலிருந்தே தொடங்குகிறது.

டோர்ட்ரெக்டிலிருந்து ஹேக் வரை

டிக்கே 1905 பெப்ரவரி 11 இல் டோர்ட்ரெக்ட் என்ற துறைமுக நகரில் பிறந்தார். லெய்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். பின்னர் ஹேக்கின் ஜூலியானா சிறுவர் வைத்தியசாலையில் குழந்தை மருத்துவத்தில் பயிற்சி பெற்றார். 1936 இல், தமது 31 ஆவது வயதிலேயே, அந்த வைத்தியசாலையின் மருத்துவப் பணிப்பாளரானார்.

அங்கு அவரைத் தொடர்ந்து அலைக்கழித்த நோய் சீலியாக். ஒரு வயது, இரண்டு வயது வரை நன்றாக வளர்ந்த பிள்ளை திடீரென மெலியும். கை கால் குச்சியாகும், வயிறு மட்டும் ஊதிப் பெருக்கும். மலம் வெளிறி, கொழுப்போடு, நாற்றத்தோடு போகும். பிள்ளை சிடுசிடுக்கும், உணவைத் தள்ளும். பல பிள்ளைகள் இறந்தார்கள். தப்பியவர்கள் வளர்ச்சி குன்றினார்கள்.

நோய் புதிதல்ல. கிரேக்க வைத்தியர் அரேட்டியஸ் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை ஒத்த வயிற்று நோயொன்றை விவரித்துள்ளார். 1888 இல் லண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ இதன் அறிகுறிகளைத் தெளிவாக எழுதி, குணம் உண்டென்றால் அது உணவினால்தான் வரும் என்று கணித்தார். எந்த உணவு என்பதை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. 1924 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவு முறையைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருப்பதாக உலகம் நம்பியது. அந்த உணவு முறையில் பாண் தவிர்க்கப்பட்டிருந்ததை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு தாய் கவனித்தது

டிக்கேயின் சந்தேகம் 1930களிலேயே பாண் மீது விழுந்திருந்தது. அதற்குக் காரணம் ஒரு தாய் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவுசெய்துள்ளனர். தனது பிள்ளைக்குப் பாண் கொடுப்பதை நிறுத்தியதும் உடம்பில் இருந்த பருக்கள் விரைவாக மாறியதை அவள் வைத்தியசாலையில் சொன்னாள். படிப்பறிவில்லாத பேச்சென்று அதைத் தள்ளிவிட எத்தனையோ வைத்தியர்களால் முடிந்திருக்கும். டிக்கே அதைப் பற்றிக்கொண்டார். சில பிள்ளைகளுக்குக் கோதுமையை நீக்கியும் மீண்டும் கொடுத்தும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார். 1941 இல், நாடு ஏற்கெனவே ஆக்கிரமிப்பில் இருந்தபோது, பாணும் ரஸ்க்கும் இல்லாத எளிய உணவு முறையொன்றை ஒல்லாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார். பெரிதாக எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதைச் சொல்லவேண்டியிருப்பதற்குக் காரணமுண்டு. பசி மாரியில் திடீரென உதித்த கண்டுபிடிப்பாகவே இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. உண்மையில் பஞ்சம் அவருக்குப் புதிய எண்ணம் எதையும் தரவில்லை. ஏற்கெனவே இருந்த சந்தேகத்தை ஒரு நகரம் முழுவதிலும் சோதித்துக் காட்டியது. கோதுமை அற்றுப்போனபோது நோய் தணிந்தது, கோதுமை வந்தபோது நோய் வந்தது. எந்த வைத்தியரும் வேண்டுமென்று செய்யக்கூடாத ஒரு சோதனையைப் போர் செய்துவிட்டது. ஒருசில பிள்ளைகள் தேறிய அதே வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. பஞ்சம் எவருக்கும் மருந்தாகாது.

அளந்து காட்டிய ஆண்டுகள்

பிள்ளை தேறியதாகத் தோன்றுவது வேறு, அதை நிரூபிப்பது வேறு என்பதை டிக்கே அறிந்திருந்தார். போர் முடிந்தபின் உட்ரெக்ட் நகரில் இரசாயனவியலாளர் வான் டி காமர், குழந்தை வைத்தியர் வெயர்ஸ் ஆகியோருடன் சேர்ந்தார். மலத்தில் வீணாகப் போகும் கொழுப்பைத் துல்லியமாக அளக்கும் முறையை வான் டி காமர் உருவாக்கியிருந்தார். உண்ட கொழுப்பில் எவ்வளவு உடம்பில் சேர்ந்தது, எவ்வளவு வெளியேறியது என்று கணக்குப் பார்க்க இது வழிசெய்தது.

ஒவ்வொரு தானியமாகக் கொடுத்து, நிறுத்தி, அளந்தார்கள். 1950 இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டிக்கே தமது ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். கோதுமை, ரை, ஓட்ஸ் மாக்களை நீக்கினால் பிள்ளை தேறுகிறது. அவற்றுக்குப் பதிலாக அரிசி மா, சோள மா, உருளைக்கிழங்கு கொடுத்தால் பசி திரும்புகிறது, கொழுப்பு உடம்பில் சேர்கிறது, வயிற்றோட்டம் நிற்கிறது. இதுதான் அதன் சாரம்.

அடுத்த கட்டம் கோதுமையையே பிரித்துப் பார்த்தது. கழுவியெடுத்த மாப்பொருளைக் கொடுத்தால் தீங்கில்லை. மாவைப் பிசையும்போது இழுபட்டு வரும் பசைப் புரதத்தைக் கொடுத்தால் நோய் வருகிறது. அந்தப் புரதம்தான் குளூட்டன். ரொட்டி மா கையில் இழுபடுவதும் பாண் பொங்குவதும் அதனால்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் 1952 இலும், டிக்கே குழுவினர் 1953 இலும் இதை வெளியிட்டார்கள். சில ஆண்டுகளில் சிறுகுடலின் உட்புறத்திலிருந்து இழையத் துண்டை எடுத்துப் பார்க்கும் முறை வந்தது. உணவை உறிஞ்சும் சடைமுளைகள் இந்த நோயில் தேய்ந்து தட்டையாகிவிடுவதை அப்போது கண்ணாலேயே காண முடிந்தது.

இன்று இதன் காரணம் நன்றாகத் தெரியும். குறிப்பிட்ட சில பரம்பரை அலகுகள் உள்ள சிலரின் உடம்பு குளூட்டனைப் பகையென்று எண்ணித் தன் குடலையே தாக்குகிறது. மாத்திரையோ ஊசியோ இதற்குத் தீர்வில்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை. டிக்கே 1950 இல் எழுதியதே இன்றும் அடிப்படை மருந்துச்சீட்டாக இருக்கிறது.

1957 இல் உட்ரெக்டில் பேராசிரியராகவும், அங்குள்ள வில்ஹெல்மினா சிறுவர் வைத்தியசாலையின் பணிப்பாளராகவும் பொறுப்பேற்றார். அந்தப் பதவியில் நீண்டகாலம் இருக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு 1962 இல், 57 வயதில் இறந்தார். நெதர்லாந்தின் குடல்நோய் வைத்தியர் சங்கம் அவர் பெயரில் ஒரு பதக்கத்தை வழங்கிவருகிறது.

ஓட்ஸ் விடயத்தில் நடந்தது

டிக்கேயின் பட்டியலில் ஓட்ஸும் இருந்தது. 1953 ஆய்வும் அதைத் தீங்கானதென்றே சொன்னது. அதனால் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, சீலியாக் உள்ளவர்களுக்குக் கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ் நான்கும் விலக்கப்பட்டன.

1995 இல் பின்லாந்து ஆய்வாளர்கள் இதை மீண்டும் சோதித்தார்கள். சீலியாக் உள்ள வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 70 கிராம் வரை ஓட்ஸ் கொடுத்து மாதக்கணக்கில் கவனித்தார்கள். குடலின் சடைமுளைகள் பழுதுபடவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே காட்டின. ஓட்ஸில் உள்ள புரதம் அவெனின். அது கோதுமைக் குளூட்டனிலிருந்து வேறுபட்டது. பெரும்பாலானோரின் உடம்பு அதைத் தாங்கும். மிகச் சிலருக்கு மட்டும் அவெனினும் ஒத்துக்கொள்வதில்லை.

அப்படியானால் ஓட்ஸ் ஏன் கெட்ட பெயர் எடுத்தது? சாதாரண ஓட்ஸ் தனியாக வருவதில்லை. கோதுமை, பார்லி விளைந்த அதே நிலத்தில் விளைகிறது. அதே வண்டியில் ஏறுகிறது, அதே ஆலையில் அரைபடுகிறது. ஒரு கரண்டி ஓட்ஸுக்குள் கலந்திருக்கும் சில கோதுமை மணிகளே இந்த நோயாளிக்குப் போதும். கிலோவொன்றில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவுக்கே குளூட்டனற்றது என்ற பெயரைச் சர்வதேச உணவுத் தரம் அனுமதிக்கிறது. ஐரோப்பாவில் இந்த அளவுக்குள் இருக்கும் தூய ஓட்ஸுக்கு அந்தப் பெயரை இடலாம். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எந்த ஓட்ஸுக்கும் அந்தப் பெயரை இட முடியாது.

ஆகவே விடை இதுதான். சீலியாக் இல்லாதவருக்கு ஓட்ஸால் இந்தப் பிரச்சினை எதுவுமில்லை. சீலியாக் உறுதிசெய்யப்பட்டவர், குளூட்டனற்றது என்று பெட்டியில் தெளிவாக எழுதப்பட்ட ஓட்ஸை மட்டுமே சாப்பிடலாம். அதையும் நோய் தணிந்தபின், சிறிதளவில் தொடங்கி, வைத்தியருக்குத் தெரியப்படுத்தியே சாப்பிடவேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண ஓட்ஸ் அவருக்கு உகந்ததல்ல, அது சீனி நோய்க்கு நல்லதென்று எவ்வளவு விளம்பரம் செய்தாலும்.

ரொட்டியில் வாழும் மலையகம்

இந்த ஒல்லாந்து வைத்தியரின் கதை தேயிலை மலைகளுக்கு எப்படிப் பொருந்தும்?

மலையகத் தமிழரின் முன்னோர் நெல்லும் கேழ்வரகும் கம்பும் உண்ட தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். 1942 இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்ததும் இலங்கைக்கு அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. பங்கீட்டில் கோதுமை மா இடம்பிடித்தது. காலப்போக்கில் லயங்களில் ரொட்டியே பிரதான உணவாயிற்று. விடியலில் சுட்டு, சம்பலோடு கட்டிக்கொண்டு மலைக்குப் போக அதைவிட வசதியான, மலிவான உணவில்லை.

அந்த மாவும் இல்லாமல்போன காலமுண்டு. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு மா வெட்டப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அந்தப் பசியும் 1977 இன் வன்செயலும் பல குடும்பங்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் தள்ளின. அங்கே அவர்களைப் போர் பிடித்துக்கொண்டது. முகாம்களில் மீண்டும் நிவாரணக் கோதுமை மாவே கையில் கிடைத்தது. ஆகவே மா என்பது நம் மக்களுக்கு வெறும் உணவல்ல, உயிர் தப்பிய கணக்கு. அதன்மேல் குறை சொல்வது எளிதான காரியமல்ல.

இருந்தாலும் ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். 2016 இல் வெளியான இந்திய ஆய்வொன்றின்படி, வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமானோரின் இரத்தத்தில் சீலியாக் நோய்க்குரிய பிறபொருளெதிரிகள் இருந்தன. தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்கே அவை இருந்தன. நோய்க்கு இடமளிக்கும் பரம்பரை அலகுகள் இரு பகுதிகளிலும் பரவலாகவே இருந்தன. பெரிதாக வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவு. தென்னிந்தியப் பரம்பரையில் வந்து, நாளாந்தம் கோதுமை உண்ணும் மலையகத்தில், இந்த நோய் நமக்கு வராதென்று எந்த வைத்தியரும் ஒதுக்கிவிடக் கூடாது.

2016 இன் தேசிய சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 32 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்குமான அளவு 17 வீதம். இதற்குப் பெருங்காரணங்கள் குறைந்த சம்பளம், போதாத உணவு, தொற்றுநோய், சுகாதாரமற்ற லயன் வாழ்க்கை. அவை தீராமல் இந்தக் கணக்கு மாறாது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் மெலிந்திருக்கும் இடத்தில், வேறு காரணத்தால் மெலியும் ஒரு பிள்ளை கண்ணில் படாமல் போய்விடும். பூச்சி மருந்தும் சத்து மாவும் கொடுத்தும் நிறை ஏறாத பிள்ளை, அடிக்கடி வயிறு ஊதும் பிள்ளை, இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் குருதிச்சோகை மாறாத பெண், இவர்களுக்காக ஒரு முறையாவது சீலியாக் பற்றிக் கேட்பது நியாயம்.

செய்யவேண்டியதும் கூடாததும்

முதலில் கூடாதது. சந்தேகத்தில் ரொட்டியை நிறுத்திவிடக் கூடாது. இரத்தத்தில் பிறபொருளெதிரிகளைப் பார்க்கும் பரிசோதனையும் குடல் இழையப் பரிசோதனையும், கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதுதான் உண்மையைக் காட்டும். முன்கூட்டியே நிறுத்தினால் நோய் மறைந்துகொள்ளும். ஏழைக் குடும்பத்தின் மலிவான உணவைக் காரணமின்றிப் பறிப்பதும் பிள்ளைக்கு நல்லதல்ல. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமோ தோட்ட டிஸ்பென்சரியிலோ பேசி, சிறுவர் வைத்திய நிபுணர் உள்ள வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம்.

நோய் உறுதியானால், விலையுயர்ந்த வெளிநாட்டுப் பெட்டி உணவுகளைத் தேடவேண்டியதில்லை. சோறு, அரிசிக் கஞ்சி, குரக்கன், சோளம், சாமை, மரவள்ளி, உருளைக்கிழங்கு, பயறு, உழுந்து, பருப்பு, மரக்கறி, முட்டை, மீன் எல்லாம் இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. டிக்கே தமது பிள்ளைகளுக்குக் கொடுத்த அரிசியும் சோளமும் உருளைக்கிழங்கும் நுவரெலியாச் சந்தையிலேயே கிடைக்கின்றன.

கவனம் வேண்டியது கலப்பில். கடை இடியப்பத்திலும் பிட்டிலும் அவித்த கோதுமை மா கலந்திருக்கும். குரக்கன் ரொட்டியிலும் பெரும்பாலும் பாதி கோதுமைதான். ரவை கோதுமையே. மோல்ட் பானங்கள் பார்லியிலிருந்து வருபவை. சோயா சோஸில் கோதுமை சேர்கிறது. கட்டிப் பெருங்காயத்தில் மா கலப்பதுண்டு. சோயா மீற் பைக்கற்றின் பின்புறத்தை வாசித்துப் பார்க்கவேண்டும். கோதுமை அரைபட்ட கையோடு மில்லில் அரிசியை அரைத்தால் அதிலும் மா ஒட்டும். வீட்டில் ரொட்டி சுடும் தாச்சியை அந்தப் பிள்ளைக்குத் தனியாக வைப்பது நல்லது.

டிக்கேயிடம் பெரிய கருவிகள் இருந்த காலம் குறைவு. ஒரு தாய் சொன்னதைக் காதில் வாங்கினார். பஞ்சத்தின் நடுவிலும் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கவனித்தார். பின்னர் அளந்து உறுதிசெய்தார். ஓட்ஸ் குறித்த அவரது முடிவைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள், அவர் கையாண்ட அதே அளக்கும் வழியில். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நாள் முழுதும் பிள்ளைகளைப் பார்க்கும் பெண்ணும், கொழுந்து பறித்து மாலையில் வீடு திரும்பும் தாயும், எந்த உணவுக்குப் பிறகு பிள்ளை சுருண்டு படுக்கிறது என்பதை வைத்தியருக்கு முன்பே அறிந்திருப்பார்கள். கிளினிக்கில் அதைத் தயங்காமல் சொல்லவேண்டும். கேட்பவரும் அதைக் குறித்துக்கொள்ளவேண்டும்.